உட்புறத்துப் பொட்டு

சுவிஸின் துன் நகரத்துக் கராஜில் உருத்திரமூர்த்தி பொருத்தும் கார்த் தகடுகளின் இடைவெளி எப்போதும் நான்கு மில்லிமீற்றர்தான். புதுத் தகட்டை வெல்ட் செய்து மூடுமுன், முதலாளி பார்க்காத நேரத்தில் கட்டிச் சந்தனத்தைக் குழைத்து உட்புறத்தில் ஒரு பொட்டு வைப்பார். மோதிர விரல் நுனியில் வெட்டுத் தழும்பு இருந்ததால், பொட்டின் நடுவே குறுக்காக ஒரு கோடு விழும்.

1987 மார்ச்சில், ஒரு விவசாயியின் பதினைந்து வருடப் பழைய கார் பின்பக்கம் நசுங்கி வந்தது.

"முந்தி ஆரும் இதிலை கை வைச்சிருக்கினமோ, அண்ணை?" என்று பெயின்ற் அடிக்கும் தயாபரன் கேட்டான்.

"இல்லை. எல்லாம் கார் செய்த கொம்பனியின்ரை வெல்டிங்தான். பார், கழட்டிக் காட்டுறன்."

வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, பழைய தகட்டை ஒரே இழுப்பில் பிரித்தார். உட்புறத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு.

"இதை எப்ப வைச்சனீங்கள்?" என்றான் தயாபரன்.

மூர்த்தி மோதிர விரலை அதன்மேல் வைத்தார். தழும்பு கோட்டில் இம்மியும் பிசகாமல் பொருந்தியது. விரலை எடுத்தபோது சந்தனம் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

சந்தனக் கட்டி மேசையில் கிடந்தது. அன்று அதில் இன்னும் தண்ணீர் படவில்லை.