அருவிக்குப் போன நூலகம்

"அண்ணே, அங்க வேணாம்! எங்களுக்கு எதிர்ல வந்து உக்காருங்க. பின்னாடி தண்ணி தெறிக்கும்!"

நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பைண்டர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டதும், அட்டவணை அண்ணன் படகின் முன்பலகையில் போய் உட்கார்ந்தார். நூலக ஊழியர்கள் எட்டுப் பேரின் முகமும் இப்போது அவருக்கு நேராக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அதனால் வந்த பெயர் அட்டவணை. இருபத்திரண்டு வருடமாகப் புத்தகம் கொடுக்கும் மேசை அவருடையது. அப்பேர்ப்பட்டவருக்கு ஒன்றரை வருடமாக இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஏதோ விழும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தை மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"காதுல மெஷின் வச்சுக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"மெஷினைப் பார்த்தா மேடம் சும்மா விடுவாங்களா? கீழ்த்தளத்துல உக்காந்து பழைய பத்திரிகை அடுக்குன்னு சொல்லிடுவாங்க. நாலு மனுஷங்க முகத்தைப் பார்க்காம என்னால இருக்க முடியாதுடி."

அவருடைய நல்ல நேரம், நூலகத்தில் எல்லாம் அவருக்குத் தோதாகவே நடந்தது. இனிமேல் புத்தகப் பெயரைச் சீட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று தலைமை நூலகர் மேடம் போன வருடம் சட்டம் போட்டார். அண்ணன் மேசையில் இருந்த தொலைபேசியை டைப்பிஸ்ட் மேசைக்கு மாற்றினார். மணிச் சத்தம் வாசகர்களுக்குத் தொந்தரவு என்று அழைப்பு மணியைக் கழற்றிவிட்டு, அங்கே சிவப்பு விளக்கு மாட்டினார். மேடத்துக்கு அமைதிப் பைத்தியம் முற்றிவிட்டது என்று மற்றவர்கள் கேலி பேச, அட்டவணை அண்ணன் மட்டும் மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டார்.

ஆனால் மேடம் ஏற்பாடு செய்த இந்த அருவிச் சுற்றுலாதான் அவருக்குப் பயமாக இருந்தது. வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். பைண்டர் விடிந்ததும் விடியாததுமாக வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

படகு கரை சேர்ந்தது. இனி ஒரு மணி நேரம் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராக நடக்கும்போது யார் உதட்டைப் பார்ப்பது?

மேடம் கையைத் தட்டி எல்லோரையும் தன் பக்கம் திருப்பினார்.

"காட்டுக்குள்ள யாரும் வாயத் திறக்கக் கூடாது. மிருகங்க மிரளும். எதுவா இருந்தாலும் முன்னாடி போறவங்க தோளைத் தட்டுங்க, போதும்."

"இங்கயும் நூலகம்தானா மேடம்?" என்று பைண்டர் முகத்தைத் தொங்கப்போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அட்டவணை அண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். அவர் தடுமாறி நின்ற அதே நொடி, இரண்டடி முன்னால் பட்டுப்போன கிளை ஒன்று விழுந்து தூசி கிளம்பியது. அது முறிந்த சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. ஐயையோ, மாட்டிக்கொண்டோம் என்று திரும்பினார்.

பைண்டர்தான். வாயில் விரலை வைத்து, முன்னால் போகும் மேடத்தைக் கண்ணால் காட்டி, பேசக் கூடாது என்று சைகை செய்தான். சந்தேகப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தப்பித்தோமடா சாமி!

அருவி பாறையில் விழுந்து காட்டையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. நனைந்து நின்ற டைப்பிஸ்ட் தொண்டை கிழியக் கத்தி எதையோ கேட்க, ஒருவன் சோப்பை நீட்டினான், இன்னொருவன் செருப்பை நீட்டினான். அட்டவணை அண்ணன் அவள் உதட்டைப் பார்த்தார். பையைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே கேட்டுச்சு?" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

அப்புறமென்ன, அன்றைக்கு அவர்தான் ராஜா. யாருக்கு என்ன வேண்டுமானாலும் அவரிடம்தான் ஓடி வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, எந்தப் பயமும் இல்லாமல் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தபோது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேடமும் பைண்டரும் நிற்பது தெரிந்தது. பைண்டரின் முதுகுதான் இந்தப் பக்கம். குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மேடம், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். இந்த இரைச்சலில் வேறு யார் காதிலும் விழாது என்ற தைரியம். பழக்கதோஷம், அட்டவணை அண்ணனின் கண் மேடத்தின் உதட்டுக்குப் போனது.

"அவர் இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! சீட்டு, விளக்கு, போன் எல்லாம் அவருக்காகத்தான் மாத்தினோம்னு மட்டும் எங்கயும் உளறிடாதப்பா. தெரிஞ்சா மனுஷன் கூனிக் குறுகிப் போயிடுவார்."

அட்டவணை அண்ணன் கண்ணை எடுக்கவில்லை. பைண்டர் ஏதோ கேட்டிருக்க வேண்டும், மேடம் சிரித்தார்.

"படகு, காடுன்னு இவ்வளவு தூரம் எதுக்கு இழுத்துட்டு வந்தேன்னா கேக்கறே? இங்க வந்தாத்தானேப்பா நம்ம யாருக்குமே காது கேக்காது!"