நேற்றைய நிலவரம்

"தெற்குக் காற்று கிளம்பினால் அலைக்கு அடியில்…" என்று பழைய கொடிக்கம்பம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மீதி அறிவிப்புப் பலகைக்கு மறந்துவிட்டது.

தீவு விடுதியின் கடற்கரையில், பலகைமேல் தினமும் நிலவரம் எழுதுவது சாக்பீஸ். நேற்று தெற்குக் காற்றுதான். எழுதியதோ, "கடல் அமைதி. குளிக்கலாம்."

விடிந்ததும் பலகையின் காலடியில் கிடந்த செருப்புகள் கேட்டன: "அண்ணே, உங்களைப் படிச்சிட்டுத்தான் எங்க ஆளு இறங்கினாரு. இன்னும் வரலியே?"

பலகை சாக்பீஸிடம் முணுமுணுத்தது: "இன்னிக்காவது நிஜத்தை எழுதுடா."

சாக்பீஸ் சிரித்தது. "கொடிக்கம்பம் அன்னிக்கு ஒருநாள் சிவப்புக் கொடி ஏத்திச்சு. வந்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. இப்ப அது சமையல்கட்டுல விறகு. நீயும் மரம்தானே? சொல்லு, எழுதறேன்."

சுற்றுலாப் படகு கரை தொட்டது.

"நேத்து எழுதினதே இருக்கட்டும்" என்றது பலகை.