காணாம்

பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையின் மாடி அறை. ஜன்னல் வெயில் டிரம்ஸின் பித்தளைத் தட்டில் பட்டு, கூரையில் நடுங்குகிறது. நாலு வருஷமாக இங்கே ப்ளூஸ் ராக் வாசித்த மூவரில் கிட்டார்க்காரன் வர்கீஸ், பம்பாய் ஹோட்டல் ஒன்றின் இசைக்குழுவில் சேர இன்று ரயிலேறுகிறான். போன ஓணத்துக்கு இவர்கள் வாசித்தபோது கல்லூரி மைதானமே எழுந்து ஆடியது. இப்போது ஆம்ப்ளிஃபயர் மேல் மூன்று டீ ஆறிக் கிடக்கிறது. "பம்பாயில கிட்டார் பிடிக்கத் தெரிஞ்சவா யாருமே இல்லையாக்கும்?" என்கிறான் பேஸ் கிட்டார் வாசிக்கும் சேஷன். டிரம்ஸ் வாசிக்கும் இசக்கிப்பாண்டி குச்சிகளை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். வர்கீஸ் திரும்பி வருவானா என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியவேண்டும். வர்கீஸ் பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்துவிட்டு, "காணாம்" என்கிறான். மலையாளத்தில் அதற்குச் 'சந்திப்போம்' என்று பொருள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இசக்கி அதை அப்படித்தான் கேட்டிருக்கிறான். இன்று அது அவன் காதில் தமிழாக விழுகிறது. தொலைந்த சாமானைத் தேடிச் சலித்தவர் சொல்லும் 'காணோம்' மாதிரி. "தமிழ்ல சொல்லுடே" என்கிறான். 'போயிட்டு வாறேன்' என்று சொல்ல, இந்த அறையில் கற்றுக்கொண்ட தமிழ் வர்கீஸிடம் நிறையவே இருக்கிறது. அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறான். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.