காளனின் கால்கள்

பட்டாளத்துக்குப் போய் மடிந்த மலைக்குடி ஆட்களுக்காக அடிவாரத்தில் வைத்த சிலை அது. முகம் காளனுடையது. மூடியிருந்த துணியை இழுத்ததும் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மனைவி மசினி காலைப் பார்த்தாள். செருப்புக் காலோடு வருகிறவரை அந்த மலை ஏற்றுக்கொள்ளாது. எல்லையில் செத்தவனின் உடல்தான் வரவில்லை, சிலையாவது பூட்ஸோடு கீழேயே நின்றுவிடக் கூடாதே என்று அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

வெண்கலக் கால்கள் வெறுங்காலாக இருந்தன. கயிற்றால் முடிந்த பூட்ஸ் தோளில் தொங்கியது. ஒரு கால் ஏற்கெனவே பாறைமேல் ஏறியிருந்தது.

"யூனிஃபார்ம் போட்டுட்டு வெறுங்காலா? பட்டாளத்துக்கே அவமானம்மா இது" என்று அதிகாரி சிற்பியிடம் சீறினார்.

"லீவுக்கு வர்றப்ப இங்கதான் சார் கழட்டுவாராம். கூடப் போன கூட்டாளி சொன்னாரு" என்றாள் சிற்பி.

மசினி நடுவே வந்து, அதிகாரியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"அப்புறமாத் திட்டுங்க. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காரு. மொதல்ல கால் கழுவட்டும்."