இரண்டு கோல்யாக்களுக்கு நடுவே

"அங்க எங்கடி ஓரமாப் போறே? நடுவுல உக்காரு!" என்று அதட்டினாள் மாமியார் ரிம்மா. "இந்தப் பக்கம் ஒரு நிகோலாய், அந்தப் பக்கம் ஒரு நிகோலாய். ஒரே பேர்க்காரங்க ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்து எதை வேண்டிக்கிட்டாலும் பலிக்கும்."

வார்யா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். வலப்பக்கம் கணவன் நிகோலாய். அவளுக்கு எப்போதும் செல்லமாகக் கோல்யா. இடப்பக்கம், இனிமேல் அவள் சேர்ந்து வாழ நினைக்கும் நிகோலாய், டிராம் ஓட்டுகிறவன். இப்படி மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வேண்டிக்கொள்ள வாய் வரும்?

ஈஸ்டர் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை. பிர்ச் மரங்களுக்கு அடியில் பக்கத்து மேசைகளிலும் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிம்மா காலையில்தான் வேலிக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தாள். வாடை இன்னும் போகவில்லை.

சாயம் பூசிய முட்டைகளை உரித்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். நாலு கிளாஸில் வோட்கா ஊற்றினாள். கோல்யாவின் கிளாஸை மட்டும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியால் மூடினாள்.

"கோல்யாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை. எப்படிச் சொல்றது..."

"நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். பெயின்ட் அடிக்கிறப்பவே நான் சொல்லிட்டேன்."

வார்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்வான்? சிரிச்சுக்கிட்டே இருந்தான்."

வார்யா வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். போட்டோ எடுத்த அன்றைக்குச் சிரித்த அதே கோணல் சிரிப்பு. ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

இடப்பக்கத்து நிகோலாய் கையைப் பிசைந்தான். பாவம், அவனை அவள் ஒரு தடவைகூடக் கோல்யா என்று கூப்பிட்டதில்லை. மேலதிகாரியைக் கூப்பிடுவது போல முழுப் பெயரைச் சொல்லுவாள். அவனும் ஏன் என்று கேட்டதில்லை.

"இவரை இங்க கூட்டிட்டு வந்ததுல என்மேல கோபமா அத்தை?"

"கோபம்னா உனக்கு முட்டை உரிச்சு வைப்பேனா? சீக்கிரம் வேண்டிக்கோடி, வோட்கா சூடாகுது."

வார்யா கண்ணை மூடினாள். இந்த அம்மா மட்டும் என்னை விட்டுவிடக் கூடாது. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது ரிம்மா கிளாஸைத் தூக்கியிருந்தாள். படபடப்பில் இருந்த நிகோலாய், பழக்க தோஷத்தில், தன் கிளாஸை அவள் கிளாஸோடு மோத நீட்டினான்.

ரிம்மா அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"மோதாதே கோல்யா. செத்துப்போன பிள்ளையோட கல்லறையில, அவனை நினைச்சுக் குடிக்கிறப்போ கிளாஸை மோதக் கூடாதுப்பா."