அச்சு அசல்

நரம்பு டாக்டரான அக்காவின் ஆராய்ச்சியைத் தங்கை நடனமாக்கியிருந்தாள். கைநடுக்க நோய் எப்படி ஆரம்பிக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டுமாம். கூடத்தில் ஒத்திகை முடிந்ததும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“வலது கை நடுங்கறது சுத்த நடிப்புடி. பாத்தாலே தெரியுது.”

“உயிரைக் குடுத்துப் பழகினேன்க்கா!” தங்கையின் முகம் தொங்கிப்போனது.

“ஆனா, ஆடி முடிச்சு உக்காந்தியே, அப்ப மடியில சும்மா கிடந்த இடது கை லேசா நடுங்குச்சு பாரு, அதுதான் அச்சு அசல்! என் நோயாளிங்களுக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும். வலது கையையும் அதே மாதிரி மாத்து.”

தங்கை விழித்தாள். “இடது கைக்கு நான் எந்த அசைவும் வைக்கலையேக்கா!”

“விளையாடாதடி” என்று அக்கா குனிந்து பார்த்தாள்.

பாட்டு எப்போதோ நின்றுவிட்டது. மடியில் கிடந்த அந்தக் கை மட்டும் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.