சாம்பிராணிக் கேஸ்

செஞ்சிக்கு மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் தனசேகரனின் காதில் விழுந்த முதல் புகாரே வாய் ஊற வைத்தது. சயின்ஸ் வாத்தியார் கரீம், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட லேபில் சாராயம் காய்ச்சுகிறாராம்.

மதுவிலக்கு கறாராக இருந்த காலம். ஒரு வாத்தியாரைக் கையும் களவுமாகப் பிடித்தால் பேப்பரில் பெயர் வரும், பிரமோஷனும் வரும்.

"லீவு நாள்ல லேபில அடுப்பு எரியுதாமே? ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா பின்வாசல்ல நுழையறாங்களாமே, ரெண்டு பக்கமும் பார்த்துட்டு?" என்று ஏட்டு கோவிந்தசாமியை மடக்கினார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சாம்பிராணி வாசனதான் வருது."

"யோவ், சாராய நெடி தெரியாம இருக்கத்தான்யா சாம்பிராணி!"

தனசேகரன் நாற்காலியில் நெளிந்தார். கோட்டை நிற்கும் ராஜகிரிப் பாறை கக்கிய வெக்கையில் காக்கி கால்சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாவம், மனிதரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ரெய்டு என்றாலே ஏட்டுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு ஞாயிறு மேல்சித்தாமூரில் பந்தோபஸ்து. அடுத்த ஞாயிறு அனந்தபுரம் சந்தையில் அடிதடி. அதற்கும் அடுத்து, இருக்கவே இருக்கிறது வயிற்றுவலி. தனசேகரனுக்கு விளங்கிவிட்டது. இவன் மாமூல் வாங்குகிறான்! வாத்தியாரோடு சேர்த்து இவன் தொப்பியையும் கழற்றிவிட வேண்டியதுதான்.

அந்த வார ஞாயிறு மதியம், யாரிடமும் மூச்சு விடாமல் தனியாகப் போய் லேபின் பின்கதவைத் தள்ளினார்.

உள்ளே சாம்பிராணி வாசனை தூக்கியடித்தது. ஸ்டவ்வின் மேல் ஒரு சட்டி, அதன் மேல் கூம்பாகச் சுருட்டிய காகிதம். பக்கத்தில் கரீம் வாத்தியார். எதிரில், கைலி கட்டிக்கொண்டு, கையில் ஒரு தகர டப்பாவோடு ஏட்டு கோவிந்தசாமி!

"மாட்டினியா! எத்தனை நாளாய்யா இந்த மாமூல்?"

ஏட்டு டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சார், வேலய மட்டும் எடுத்துடாதீங்க சார். பொட்டப் புள்ளைங்கள வெச்சிருக்கேன்."

கரீம் பதறவில்லை. ஸ்டவ்வை அணைத்து, சற்று ஆறவிட்டு, கூம்பைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிந்திருந்தது.

"சாராயம் இல்ல சார், பென்சாயிக் அமிலம். சாம்பிராணிய சூடு பண்ணா ஆவியா ஏறி இப்படி ஒட்டிக்கும். இத வெந்நீர்ல கரைச்சு, வடிகட்டி, ஆற வெச்சு எடுத்தா அழுக்கு போயிடும். அப்புறம் அந்தக் கண்ணாடி ஜாடியில போட்டு ஈரம் போகக் காய வைக்கணும்."

"அமிலத்தை வெச்சு யாரைத் தீர்த்துக்கட்டப் போறீங்க?"

"படர்தாமரைய சார். வாஸலின்ல கொழைச்சுத் தடவுனா தொடை இடுக்குல இருக்கறதுகூட ஓடிடும். சும்மாதான் குடுக்கறேன்."

"அதுக்கு ஏன்யா திருட்டுத்தனமா வரணும்?"

"எந்த எடத்துல அரிக்குதுன்னு வெளிய சொல்ல முடியுமா சார்?" என்று ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். "காக்கி போட்டவனுக்குத்தான் இந்த ரோதன ஜாஸ்தி. மொத தபா அவசரப்பட்டு, சுத்தம் பண்ணாதத வாங்கிப் பூசிட்டேன். எரிஞ்ச எரிச்சல்ல கோட்டைய ஒரு சுத்து ஓடி வந்தேன் சார்."

தனசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரமோஷன் கண்ணெதிரே ஆவியாகிப் போய்விட்டது.

"கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் வேலையும் எங்கயும் போகல. போய் ஸ்டேஷனைப் பாரு, போ" என்று ஏட்டை விரட்டினார்.

கோவிந்தசாமி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு ஓட்டமாக ஓடினார். தனசேகரன் பின்வாசலுக்கு வந்து ரெண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்த ஜாடியில இருக்கறது நல்லா காய்ஞ்சிடுச்சா, வாத்தியாரே?"